கேப்டன் பர்னாந்துவின் கை

இன்னாசிபட்டினத்தில் கேப்டன் பர்னாந்து ஊர்ப் பொம்பளைகளை அடிக்க ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஆட்டத்தில்தான். அதுவரைக்கும் அவர் படத்துக்குள்ளே இருக்கிற ஒரே ஒரு பொம்பளையை மட்டும்தான் அடித்துக்கொண்டிருந்தார், அதை ஊரே கை தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அது ஹாலிவுட்டில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம், கதை நடக்கிற ஊர் லிஸ்பன். இங்கிலீஷில் அதற்கு என்ன பேரோ, ஸ்டெல்லா டாக்கீஸ் முதலாளி சுவரொட்டியில் 'லிஸ்பன் அழகி' என்று போட்டார். இங்கிலீஷ் படம் எங்கள் பக்கத்தில் இரண்டு நாள் ஓடினாலே பெரிய விஷயம். இந்தப் படத்தை மட்டும் எடுக்கவே விடவில்லை ஜனங்கள், ஏனென்றால் கதாநாயகன் பேர் பர்னாந்து, ஊரில் கடற்கரைத் தெரு முழுக்கப் பர்னாந்து, மோத்தா, கொரேரா, மிராந்தா என்று போர்த்துகீசியன் ஞானஸ்நானம் கொடுத்தபோது வைத்துவிட்டுப் போன பேர்கள்தான், அப்புறம் கேட்கவா வேண்டும்! "மூக்கப் பாருலே, எங்க பெரியப்பா மூக்கு" என்றார் ஒருத்தர். "நடையப் பாரு, அது எங்க வீட்டு நடை" என்றார் இன்னொருத்தர். கேப்டன் எந்த வீட்டுக் கிளை என்று மீன் ஏலக் கொட்டகையில் சண்டை வந்து ஒரு ஆளுக்கு மண்டை உடைந்தது. வயசானவர்கள் அவரை மருமகன் என்றார்கள், குமரிப் பிள்ளைகள் வெட்கப்பட்டுக்கொண்டே மச்சான் என்றார்கள், அவர் முதன்முதலாகத் திரையில் கப்பலை விட்டு இறங்கும்போது வெளியே ஓலைவெடி போட்டார்கள். இப்படியாக அந்த ஆள் எங்களுக்குச் சொந்தக்காரன் ஆகிப்போனான், அதுதான் நாங்கள் செய்த தப்பு, உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் செய்யமாட்டான்.

படத்தில் ஒரு கட்டம் உண்டு. லிஸ்பன் துறைமுகத்துப் படிக்கட்டு, மழை தூறுகிறது, லியனோரா என்கிற அந்த அழகி நான் உங்களோடு வரமாட்டேன், என் தங்கச்சி இருக்கிற ஊருக்கு வேறு கப்பலில் போகிறேன் என்கிறாள். கேப்டன் சிகரெட்டைத் தண்ணீரில் வீசுகிறார், வலது கையை ஓங்கி அவள் இடது கன்னத்தில் ஒன்று விடுகிறார். அவள் அவரையே பார்க்கிறாள், கண் கலங்குகிறது, அப்படியே அவர் நெஞ்சில் விழுகிறாள், அவர் முத்தம் கொடுக்கிறார், வயலின் அழுகிறது. ஆண்கள் பக்கத்தில் விசில் பறக்கும். "பாத்தியா, வேணுங்கிற நேரத்துல ஒண்ணு போட்டா எப்படி ஒட்டிக்கிறா" என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பேசுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேப்டன் கையை வீசினார், லியனோராவின் முகம் திரும்பியது, ஆனால் சத்தம் திரையிலிருந்து வராமல் பெண்கள் பக்கத்து பெஞ்சுகளிலிருந்து வந்தது, அத்தனை கன்னத்திலும் ஒரே நேரத்தில் விழுந்த ஒரே அறை. கைப்பிள்ளைக்காரி, கல்யாணம் ஆகாதவள், பல் போன கிழவி, மடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்த கன்னியாஸ்திரி, முதலாளியின் பெண்டாட்டி என்று ஒருத்தி பாக்கியில்லை. ஐந்து விரலும் பதிந்திருந்தது, சின்ன விரலில் கேப்டன் போட்டிருந்த மோதிரத்தின் தடம்கூடத் தெரிந்தது. அப்புறம் படத்தில் அவர் லியனோராவை இழுத்து அணைத்து முத்தம் கொடுத்தார். அந்த முத்தம் ஒருத்திக்கும் வந்து சேரவில்லை. வரும் வரும் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள், பாவிமக்கள்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகாமல் இல்லை. அங்கே இருந்த ரைட்டர் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு, "அடிச்சது யாரு?" என்று கேட்டார்.

"கேப்டன் பர்னாந்து."

"அவன் உங்களுக்கு என்ன முறை?"

அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, "சொந்தந்தான்" என்றார்கள்.

"குடும்ப விவகாரத்தையெல்லாம் ஸ்டேஷனுக்குக் கொண்டாரலாமா? போய் ஒத்துமையா இருங்க" என்று சொல்லிப் பேனாவை மூடிவிட்டார்.

ஊர் அதை ஏற்றுக்கொண்ட வேகம் இருக்கிறதே, சொல்லி மாளாது. இரண்டாவது வாரமே ஐஸ் பேக்டரிக்காரன் டாக்கீஸ் வாசலில் வண்டி போட்டு ஐஸை உடைத்துத் துணியில் கட்டி விற்றான். கம்மல் கன்னத்தைக் கிழிக்கிறது என்று பொம்பளைகள் இடது காதுக் கம்மலை மட்டும் கழற்றிவிட்டுப் போகப் பழகினார்கள். பொண்டாட்டி எதிர்த்துப் பேசினால் புருஷன்மார் பழைய மாதிரி விறகுக் கட்டையைத் தேடுவதில்லை, "மேட்னிக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்கள். கை வலி இல்லை, அக்கம்பக்கத்தில் சத்தம் இல்லை, இங்கிலீஷ் படத்துக்குக் கூட்டிப்போகிற புருஷன் என்று பேர் வேறு. படப்பெட்டியைத் திரும்பக் கேட்டு மதுரையிலிருந்து வந்த ஆள் ஒரு ஆட்டம் பார்த்தார், பெட்டியைக் கேட்காமலே போனார், அடுத்த வாரம் குடும்பத்தோடு வந்தார்.

பொம்பளைகள் ஏன் போனார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். அனுப்பப்பட்டவர்கள் பாதி, தானாகப் போனவர்கள் பாதி. வீட்டில் தனியாக வாங்குவதை இங்கே எல்லாரோடும் சேர்ந்து வாங்கினால் அவமானம் கொஞ்சம் குறைகிறது என்றார்கள். அந்தப் படமும் லேசுப்பட்ட படம் இல்லை, விளக்குகள் தண்ணீரில் ஆடுகிற அந்த ஊரையும், தோள் தெரிகிற கவுனில் லியனோரா மாடிப்படி இறங்குவதையும் பார்க்க ஒரு கன்னம் போனால் போகிறது என்றுதான் இருந்தது.

பெர்பெத்து ஸ்டெல்லா டாக்கீஸில் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிப்பவள். காலையில் மீன் கொட்டகையில் சுறா வெட்டுவாள், மத்தியானம் குளித்துவிட்டு டாக்கீஸுக்கு வந்து கறுப்புத் திரைச்சீலைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள். புருஷன் கொரேரா கடலில் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. "அடிக்க ஆளில்லாத மகராசி" என்று மற்றவர்கள் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். திரைச்சீலையைத் தாண்டி உள்ளே போனவர்களுக்குத்தான் அறை விழும், வெளியே இருப்பவளுக்கு விழாது, ஆகையால் அவள் அந்தப் படத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை, கேட்டதோடு சரி. பொம்பளைகள் கழற்றிக் கொடுக்கிற கம்மல்களை முந்தானையில் தனித்தனியாக முடிந்துவைப்பாள், உள்ளே சத்தம் கேட்டதும் ஐஸ்காரனைக் கூப்பிடுவாள். இந்த வேலையைச் செய்கிறோமே என்று அவளுக்கு உறுத்தியது. உறுத்திக்கொண்டே செய்தாள், ஊரில் எல்லாரும் அப்படித்தான்.

நாளாக ஆகப் படச்சுருள் தேய்ந்தது, கோடு விழுந்தது, கேப்டனின் முகம்கூட மங்கியது, ஆனால் கை மட்டும் கனத்துக்கொண்டே போனது. முதலில் சிவந்த கன்னம் அப்புறம் வீங்கியது, அப்புறம் பல் விழுந்தது, அப்புறம் காதிலிருந்து ரத்தம் வந்தது. தாடை விலகிப்போன ஒருத்தி வாய் மூட முடியாமலே கோவிலுக்கு வந்து நற்கருணை வாங்கினாள். போர்வையைத் தலைவரைக்கும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தவளுக்குப் போர்வைக்குள்ளே விழுந்தது. அந்த நேரம் பார்த்துக் கக்கூசுக்குள் ஒளிந்தவளுக்குக் குத்தவைத்த இடத்திலேயே விழுந்து, சுவரில் மோதி நெற்றியும் சேர்ந்து உடைந்தது. ஒரு தடவை ஆப்பரேட்டர் மனசு இளகி அந்தக் கட்டத்தில் லென்சை உள்ளங்கையால் மறைத்தார், இருட்டுக்குள் அறை இரண்டு தடவை விழுந்தது. அதற்குப் பிறகு அவர் மறைப்பதில்லை.

மிராந்தா வீட்டு மருமகள் அமலி அடி வாங்கிய இடத்திலேயே செத்துப்போனாள். தலை ஒரு பக்கமாகத் திரும்பியது, திரும்பினது திரும்பினபடியே நின்றுவிட்டது, முத்தக் கட்டம் முடிந்து விளக்கு போட்ட பிறகுதான் பக்கத்தில் இருந்தவளுக்குத் தெரிந்தது. இருதயம் பலவீனம் என்று டாக்டர் சொன்னார். புருஷன் கல்லறையில் விழுந்து புரண்டு அழுதான். அடுத்த ஞாயிறு அவனே தன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். "வீட்டுக்குள்ளயே அழுதுட்டுக் கிடக்கா, ஒரு மாறுதலா இருக்கட்டும்" என்றான். பெர்பெத்து டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

இதற்குள் ஊரில் ஒரு வழக்கம் வேறு வந்துவிட்டது. கல்யாணம் பேசி முடித்தால் கோவிலில் ஓலை வாசித்து அறிவிப்பதற்கு முன்னால் பெண்ணை ஒரு மேட்னிக்குக் கூட்டிப்போக வேண்டும். மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, அறை விழும்போது பெண் கத்துகிறாளா, குனிந்துகொள்கிறாளா, முறைக்கிறாளா என்று பார்ப்பார்கள். சத்தமில்லாமல் கண்ணீர் விட்டாள் என்றால் நல்ல இடத்துப் பிள்ளை.

பெர்பெத்துவுக்கு ஒரே மகள், தெக்லா. அவளைக் கேட்டு வந்தது மோத்தா வீடு, சொந்தமாக மீன்பிடி லாஞ்சு வைத்திருக்கிறவர்கள். பையன் கஸ்பார் பார்க்க லட்சணமாக இருப்பான், தெக்லாவுக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. பேச்சு முடிந்து காப்பி குடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் அம்மா இசபெல், "ஞாயித்துக்கெழம பிள்ளைய மேட்னிக்கு அனுப்புங்க சம்பந்தி, திங்கக்கெழம சாமியார்ட்ட ஓலைக்குச் சொல்லிருவோம்" என்றாள்.

தெக்லாவுக்குச் சின்ன வயசில் இடது காதில் சீழ் வைத்து, அது எலும்புக்குள் இறங்கி, மிஷன் ஆஸ்பத்திரியில் காதுக்குப் பின்னால் அறுத்து எடுத்தார்கள். அந்த இடத்தில் எலும்பே இல்லை, தொட்டால் துடிப்பது தெரியும்.

"அவளுக்கு அந்தப் பக்கம் அடி படக்கூடாது மைனி. ஒரு அடி பட்டாலும் உயிர் தங்காதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவ" என்றாள் பெர்பெத்து.

"எல்லாருக்கும் ஒரு காது உண்டு, எல்லாருக்கும் ஒரு கதை உண்டு" என்றாள் இசபெல். அவளுக்கே இடது பக்கம் பல் கிடையாது. "நான் வாங்கலையா? எம் மகளுவ வாங்கலையா? ஒரு அடி தாங்காதவ எங்க வீட்டுல எப்படிக் காலம் தள்ளுவா?"

அவர்கள் போனதும் பெர்பெத்து மகளைப் பிடித்து உலுக்கினாள். "வேண்டாம்னு சொல்லிருவோம்ட்டி. நீ இப்படியே இரு, நான் உனக்குச் சோறு போடுதேன்."

"எத்தனை பேரு பாத்துட்டுப் போயாச்சும்மா" என்றாள் தெக்லா. "கஸ்பார் நல்லவரும்மா. கோவில் பின்னால வச்சு எங்கிட்ட சத்தியம் பண்ணியிருக்காரு, உன்மேல கை வைக்கமாட்டேன்னு. கேப்டன்கிட்ட ஒரே ஒரு தடவ வாங்கிட்டா அதோட போச்சு."

"அமலியும் அப்படித்தான் நெனச்சா."

"நான் குனிஞ்சுக்கிடுதேன்."

"குனிஞ்சவளுக்கு விழலையா? மறைஞ்சவளுக்கு விழலையா? எத்தனை பேருக்கு நான் ஐஸ் வாங்கிக் குடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிப் பெர்பெத்து வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். தெக்லா அழவில்லை. அவளுக்கு அந்த வீடு வேண்டும், அந்தப் பையன் வேண்டும், மற்றப் பெண்களுக்குக் கிடைப்பதெல்லாம் வேண்டும். இருபத்தாறு வயசில் யாருக்குத்தான் வேண்டாம்?

பெர்பெத்து சாமியாரிடம் போனாள். சினிமாக் கொட்டகை பங்குக்குச் சேர்ந்தது இல்லை, நான் என்ன செய்ய முடியும் என்று அவர் வருத்தப்பட்டார். முதலாளியிடம் போனாள். "உம் மகளுக்கு மட்டும் படத்த நிறுத்தினா மத்தவங்க எங்கொட்டகைய விட்டுவப்பாங்களா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் கொட்டகையில் ஒரு பெரிய வேளாச் சுறாவை வெட்டிக்கொண்டிருந்தபோது, இத்தனை நாளாக எல்லாரும் கன்னத்தைப் பற்றியே யோசித்தோம், ஒருத்தரும் கையைப் பற்றி யோசிக்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. கழுவி அங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டிய கத்தியைக் கழுவி முந்தானைக்குள் சொருகிக்கொண்டாள்.

மேட்னிக்குக் கூட்டம் நெரிந்தது. மோத்தா வீட்டார் பெண் பார்க்கிறார்கள் என்றால் சும்மாவா? தெக்லா கல்யாணப் பெண் மாதிரியே சேலை கட்டியிருந்தாள். இடது கம்மலைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினாள், பெர்பெத்து அவள் கையை விடவே இல்லை, இசபெல்தான் பிரித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய் முன் பெஞ்சில் உட்காரவைத்தாள். ஆண்களையும் பெண்களையும் பிரிக்கிற தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், சுவரை ஒட்டியே கஸ்பார் உட்கார்ந்திருந்தான். கலியாணக் களையோடு சிரித்தான்.

துறைமுகத்து மழைச் சத்தம் கேட்டதும் பெர்பெத்து திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். முதன்முதலாகக் கேப்டன் பர்னாந்துவைப் பார்த்தாள். அடப்பாவி, என்ன அழகு! நனைந்த தொப்பியும், ஒரு பக்கமாக இழுத்த வாயும், பெண்ணைப் பார்க்கிற அந்தப் பார்வையும். இவனிடம் வாங்கினால் என்ன என்று அவளுக்கே ஒரு கணம் மனசு போயிற்று, போனதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். பெஞ்சுகளில் பொம்பளைகள் பல்லைக் கடித்து, கழுத்தை இறுக்கி, பிள்ளைகளின் தலையை மடியில் அமுக்கிக்கொண்டு தயாராக இருந்தார்கள். கேப்டன் சிகரெட்டைத் தண்ணீரில் வீசினார். பெர்பெத்து திரைக்கு முன்னால் இருந்த மேடையில் ஏறி ஓடினாள்.

கை ஓங்கியது. திரையில் அது ஒரு வள்ளம் அகலத்துக்கு இருந்தது, விரல் ஒவ்வொன்றும் ஒரு துடுப்பு. பெர்பெத்து சுறாவின் துடுப்பை எந்த இடத்தில் மூட்டுப் பார்த்து வெட்டுவாளோ அந்த மாதிரி மணிக்கட்டைப் பார்த்து இரண்டு கையாலும் கத்தியை இறக்கினாள். துணி கிழிகிற சத்தம் வரவில்லை, எலும்பு முறிகிற சத்தம் வந்தது. ரத்தம் பீறிட்டு அவள் முகத்திலும் முன் பெஞ்சிலும் அடித்தது. கறுப்பு வெள்ளைப் படம் அல்லவா, ரத்தமும் கறுப்பாகத்தான் இருந்தது, ஆனால் சூடாக இருந்தது. முதல் வெட்டில் நரம்பு தொங்கியது, இரண்டாவது வெட்டில் கை மேடையில் விழுந்து, விழுந்த மாத்திரத்தில் சாதாரண ஒரு ஆம்பளையின் கை அளவுக்குச் சுருங்கி, மோதிரம் போட்ட சின்ன விரல் மட்டும் கொஞ்ச நேரம் துடித்து அடங்கியது.

கேப்டன் மொட்டையாக நின்ற கையைப் பார்த்தார். அப்புறம், அத்தனை நாளில் முதல் தடவையாக, திரும்பிக் கொட்டகையைப் பார்த்தார், இவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கிறார்களா என்பது மாதிரி. லியனோரா கன்னத்தைக் கொடுத்தபடி நின்றாள், ஒன்றும் விழவில்லை என்று தெரிந்ததும் மெதுவாகத் தன் பயணப் பெட்டியை எடுத்தாள்.

கொட்டகையில் ஒரு கன்னத்திலும் அறை விழவில்லை. ஒருத்தி விம்மினாள், ஒருத்தி சிரித்துவிட்டாள். தெக்லா காதுக்குப் பின்னால் கை வைத்துப் பார்த்தாள், துடித்துக்கொண்டிருந்தது, உயிரோடு இருந்தாள்.

அப்போது இசபெல் எழுந்து, தடுப்புச் சுவரைப் பார்த்துக் கத்தினாள்: "ஏலே கஸ்பார்! படம் அடிக்கலைன்னா உனக்குக் கை இல்லையால? இத்தனை சனத்துக்கு முன்னால இவ ஆத்தா நம்ம மானத்த வாங்கிட்டா, பாத்துட்டு உக்காந்திருக்கே!"

ஆண்கள் பக்கம் முழுக்க எழுந்து நின்றது. "அதான, போ மாப்ள", "ஒண்ணு விட்டாத்தான் சரிப்படும்" என்று நாலா பக்கமும் குரல் வந்தது, தங்கள் தங்கள் பொண்டாட்டியைத் தேடிப் பாதிப் பேர் சுவரண்டை வந்துவிட்டார்கள். கஸ்பார் சுவரில் கை ஊன்றி இந்தப் பக்கம் குதித்தான். முகம் சிவந்திருந்தது, கோபத்தினாலா வெட்கத்தினாலா என்று அவனுக்கே தெரியாது. தெக்லாவுக்கு நேராக வந்து நின்றான்.

"நீங்க சத்தியம் பண்ணினீங்க" என்றாள் தெக்லா.

"எல்லாரும் பாக்காங்க" என்றான் கஸ்பார். கை ஓங்கியது.

பெர்பெத்து மேடையிலிருந்து குதித்து ஓடி வந்தாள், ஆனால் குறுக்கே பாயும் முன்னால் தெக்லா எழுந்து அம்மாவின் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். அதிலிருந்து கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கத்தவில்லை, அழவில்லை. கோவில் பீடத்துக்கு முன்னால் நின்று மோதிரம் போடுவதற்குக் கேட்கிற குரலில், "கைய நீட்டுங்க" என்றாள்.

கஸ்பார் கத்தியைப் பார்த்தான். மேடையில் கிடந்ததைப் பார்த்தான். ஓங்கின கை அந்தரத்தில் நின்றது, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, இறக்கி, கால்சட்டைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். அவனுக்குப் பின்னால் சுவரை ஒட்டி நின்றவர்களும் ஒவ்வொருத்தராகப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்கள். வேட்டி கட்டியிருந்தவர்கள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள்.

இசபெல் என்னமோ சொல்ல வாயைத் திறந்தாள். பக்கத்து பெஞ்சிலிருந்து அமலியின் நாத்தனார், "உக்காருங்க பெரியம்மா, மறைக்குது" என்றாள்.

"நீயும் உக்காரும்மா" என்றாள் தெக்லா. "மீதிப் படத்தப் பாப்போம். நீ பாத்ததே இல்லையே."

லியனோரா பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் படியிறங்கித் தன் கப்பலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அம்மாவும் மகளும் அவளைப் பார்த்துக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கத்தி தெக்லாவின் மடியில் இருந்தது, கல்யாணச் சேலையெல்லாம் கறுப்பாகிக்கொண்டிருந்தது, அவள் அதைக் கவனிக்கவில்லை.